உரசிணைப்பி

18 வருடங்களுக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்து கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கூலி பெரிது. ‘கிளட்ச்’ என்று வந்த இடங்களில் எல்லாம், கலைச்சொல் தொகுப்பைப் பார்த்து ‘உரசிணைப்பி’ என்று எழுதினேன். அதன் நெம்புகோலுக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்த ‘ஃப்ரீ பிளே’ என்பதை ‘சுதந்திர அசைவு’ ஆக்கினேன். கையேடு சிவப்பு மையால் குளித்துத் திரும்பி வந்தது. உரசிணைப்பி கிளட்ச் ஆகியிருந்தது. சுதந்திர அசைவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். என்ன போடுவது என்று திருத்தியவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் நான் கிளட்சின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. தெருவில் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளைப் போல எனக்கும் இடது கையில் ஒரு பிடி இருந்தது, அழுத்தினால் கியர் மாறும், அதோடு சரி. சென்ற மாதம்தான் பார்த்தேன், அதுவும் வேறு வழியில்லாமல்.

வண்டி அப்பாவுடையது. 1992-ல் வாங்கிய புல்லட் 350. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. அந்தப் படையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பலரைப் போல ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் பழைய ரகம். இன்றைய பையன்களிடம் கொடுத்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். ஆகவே யாருக்கும் கொடுப்பதில்லை.

கோளாறு படிப்படியாக வந்தது. சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்று நகர்ந்து, நின்று நகர்ந்து, பாதி கிளட்சிலேயே காலம் தள்ளுகிற ஊர் இது. முதலில் மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் மட்டும் அலறியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. பிறகு சமதரையிலும் அதே கதை. கடைசியில் நாலாவது கியரில் முறுக்கினால் சத்தம் முன்னே போக, வண்டி பின்னால் யோசித்துக்கொண்டு வந்தது.

அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியைத் தொட்டது ஒரே ஒருவர்தான். சிவாஜி நகரில் ஒரு சந்தில் கடை வைத்திருந்த பாய். வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவருக்குப் போன் செய்தபோது மகன் எடுத்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்துவிட்டது, கடையைக் காலி செய்தாயிற்று என்றார். எனக்குத் தெரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. வண்டி ஓடும்வரை மெக்கானிக்கை யார் நினைக்கிறார்கள்?

பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நலம் விசாரித்து முடிந்ததும் அவராகவே, “வண்டி எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். வாய் கொஞ்சம் குழறியது, ஆனால் கேள்விகளில் குழறல் இல்லை. “கேபிளப் பாத்தீங்களா? ஆட்டம் இருக்கா?”

ஆட்டம்! 18 வருடங்களுக்கு முன் கேள்விக்குறி போட்ட இடத்துக்கு உரிய சொல். ஆங்கிலத்தில் விளையாட்டு, தமிழில் ஆட்டம். விளையாட்டையும் குறிக்கும், தளர்ந்து அசைவதையும் குறிக்கும். ஒவ்வொரு பட்டறையிலும் தினம் நூறு தடவை புழங்கும் சொல்லை, நூலகத்தில் உட்கார்ந்து தேடியவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாயின் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. கிளட்ச் போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் கணிசமானவற்றில் கிளட்ச் போயிருக்காது. கைப்பிடியை மெல்ல அழுத்தும்போது, கேபிள் இறுகத் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது சும்மா அசைய வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால், ஓட்டுகிறவர் கையை எடுத்த பிறகும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். தகடுகள் முழுக்கக் கவ்வாது, வழுக்கும். கேபிளைத் தளர்த்தினாலே பல வண்டிகள் குணமாகிவிடும். எண்ணெயையும் பார்க்க வேண்டும். எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்சில், கார் இஞ்சினுக்கான வழுவழுப்பு கூடிய எண்ணெயை ஊற்றினால் புதுத் தகடும் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று போட்டிருந்தால் மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு ஒத்துவரும் என்று பொருள். என் வண்டியில் ஆட்டம் இருந்தது. எண்ணெயும் சரியானதுதான்.

“அப்ப பிளேட்டுதான். நான் வந்து உக்காந்துக்கறேன். நீங்க கழட்டுங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகனுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கிளட்ச் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. இஞ்சின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரமோ சில சமயம் நிற்க வேண்டும். இரண்டையும் நிரந்தரமாகப் பூட்டவும் முடியாது, பிரித்தே வைக்கவும் முடியாது. ஆகவே நடுவில் ஒரு தகட்டு அடுக்கு. சொரசொரப்பான பூச்சு உள்ள தகடு ஒன்று, வெறும் இரும்புத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். சொரசொரப்புத் தகடுகளின் பற்கள் வெளியே, இஞ்சின் சுழற்றும் டிரம்மோடு கோத்திருக்கும். இரும்புத் தகடுகளின் பற்கள் உள்ளே, கியர்பெட்டிக்குப் போகும் தண்டோடு கோத்திருக்கும். ஸ்பிரிங்குகள் அடுக்கை அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். கைப்பிடியை அழுத்தினால் ஸ்பிரிங் விலகி, அடுக்கு தளர்ந்து, இஞ்சின் தன்பாட்டுக்கும் சக்கரம் தன்பாட்டுக்கும் போகும். உரசி இணைப்பது. ‘உரசிணைப்பி’ தப்பான சொல் இல்லை. சொல்லப்போனால், வெறுமனே கவ்வுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமானது. அதைச் சொல்லித்தான் வாங்க ஆள் இல்லை.

புல்லட்டில் இன்னொரு வேடிக்கை. கேபிள் வந்து சேர்வது வண்டியின் வலது பக்கம். கிளட்ச் இருப்பது இடது பக்கம். கியர்பெட்டித் தண்டின் நடுவே துளையிட்டு, அதற்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் தகடு விலகும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் சகஜமான ஏற்பாடு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்துக் கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே தயாரானது. ரெடிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே இஞ்சின் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. என் வண்டியின் கிளட்சும் அந்தப் பழைய வம்சம்தான். கம்ப்யூட்டர் வேண்டாம், சில ஸ்பேனர்கள் போதும் என்ற காலத்தில் வரையப்பட்டது.

எங்கள் வீட்டில் இருந்த ஆயுதங்கள்: ஒரு ஸ்பேனர் செட், பெரிய திருப்புளி ஒன்று, குறடு, சுத்தியல், அப்பாவின் பழைய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். இவற்றோடு பாய் கேட்டது மூன்று பொருள்கள்: மாவு சலித்து வைக்கிற பெரிய தட்டு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, பழைய பத்திரிகைகள். கடைசிப் பொருளுக்கு இந்த வீட்டில் பஞ்சமே இல்லை.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இடது கால் மிதியையும் பிரேக் பெடலையும் கழற்றினேன். கீழே தட்டு. இடது பக்கத்து நீண்ட மூடியைப் பிடித்திருப்பது நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. அதைத் தளர்த்தி மூடியை இழுத்ததும், பழைய எண்ணெய் கருப்பாகத் தட்டில் இறங்கியது. “விரல்ல தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க” என்றார் பாய். கருகிய வாடை. தகட்டுப் பூச்சு தேய்ந்து எண்ணெயில் கலந்ததன் அடையாளமாம்.

மூடி போனதும் எல்லாம் கண்முன். முன்பக்கம் இஞ்சினின் பல்சக்கரம், அதன்மேல் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், பின்பக்கம் கிளட்ச், இரண்டையும் சுற்றி இரட்டைவரிசைச் சங்கிலி. நான் ஆல்டர்னேட்டர் பக்கம் கையை நீட்டினேன். பாய் அதட்டினார். “அங்க போகாதீங்க!”

சிறப்புக் கருவிகள் தேவைப்படும் எல்லை அதுதான் என்று அப்புறம் விளக்கினார். தேய்ந்தது தகடு மட்டும் என்றால் ஆல்டர்னேட்டரையும் சங்கிலியையும் தொட வேண்டியதே இல்லை. டிரம்மையோ நடுவில் உள்ள குடத்தையோ எடுப்பதானால் சங்கிலியோடு எல்லாம் வர வேண்டும். நடு நட்டைத் திருப்பும்போது குடம் கூடவே சுற்றாமல் பிடிக்க ஒரு கருவி, தண்டில் இறுகியதை இழுக்க ஒரு புல்லர் வேண்டும். பட்டறைகளில் பழைய இரும்புத் தகட்டில் நீளப் பட்டையை வெல்டு வைத்து, குடத்தைப் பிடிக்கும் கருவியைத் தாங்களே செய்துகொள்வார்கள். சிலர் உளியை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துத் திருப்புவார்கள். “அது வேலை இல்ல தம்பி, அடிதடி” என்றார். வேறு கம்பெனி வண்டிகள் சிலவற்றில் தகட்டை எடுப்பதற்கே அந்த நடு நட்டைக் கழற்றியாக வேண்டும். ஆகவே உங்கள் வண்டியில் அழுத்தத் தகடு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

இதில் மூன்று ஸ்பிரிங், மூன்று ஸ்குரூ. ஒன்றை ஒரேயடியாகக் கழற்றாமல், ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று வீதம் மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். கடைசியில் அழுத்தத் தகடு கையோடு வந்தது. உள்ளே இருந்த அடுக்கு எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குத்தான் சைக்கிள் ஸ்போக்ஸ். நுனியைக் குறட்டால் கொக்கி போல் வளைத்துக் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக மாட்டி இழுத்தேன். வந்த வரிசையிலேயே பத்திரிகைத் தாள்களின் மேல் இடமிருந்து வலமாகப் பரப்பினேன். எந்த முகம் வெளியே பார்த்ததோ அந்த முகமே மேலே. மூன்றாவது தகடு உட்கார்ந்தது ஐந்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய கட்டுரையின் மேல். அந்தக் கட்டுரைக்கு இதைவிட உபயோகமான காரியம் அதுவரை வாய்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் வேலை நின்றது. புதுத் தகடுகளை ஜே.சி. ரோடு கடை ஒன்றில் வாங்கி வைத்திருந்தேன். அவற்றை எண்ணெயில் ஊறவைத்தாயா என்று கேட்டார். இல்லை. உலர்ந்த தகட்டைப் பூட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே பூச்சு கருகும். ராத்திரி முழுக்க ஊறினால் நல்லது, குறைந்தது சில மணி நேரம். சமையலறையில் இருந்து அகலமான பாத்திரம் வந்தது. (பிறகு அது சமையலறைக்குத் திரும்பவில்லை. அந்த வழக்கு இன்னும் நிலுவையில்.)

அந்த மணி நேரங்கள் வீணாகவில்லை. இரும்புத் தகடுகள் தேய்வதில்லை, கோணும். ஷோகேஸின் கண்ணாடிப் பலகையைக் கழற்றி, துடைத்த தகட்டை அதன்மேல் வைத்து விளிம்பைச் சுற்றி விரலால் தட்டினேன். தட்டையாக இருந்தால் மந்தமான சத்தம். கோணலாக இருந்தால் டக் டக் என்று ஆடும். கண் தெரியாமலே கண்டுபிடிக்கலாம். நீலம் பாய்ந்த தகடு சூட்டில் வெந்தது. என் தகடுகளில் ஒன்று நீலமாகவும் இருந்தது, ஆடவும் செய்தது. மூன்று ஸ்பிரிங்குகளையும் மேஜையில் வரிசையாக நிற்கவைத்து ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தோம். மூன்றும் ஒரே உயரம்தான். ஆனால் புது ஸ்பிரிங்கோடு நிறுத்தினால் மூன்றுமே குள்ளம். வெர்னியர் இல்லாத வீட்டில் புதுசுதான் அளவுகோல்.

சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது பாய் சொன்னது மனதில் நிற்கிறது. 40 வருடங்களில் எட்டு பத்துப் பையன்களுக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறாராம். ஒருவருக்கும் வாயால் சொன்னதில்லை. “கையப் புடிச்சு வெப்பேன். அவ்வளவுதான். இன்னிக்குத்தான் வாயால சொல்றேன். எனக்கே தெரியாது, இவ்வளவு இருக்குன்னு.” அவருடைய மகன் ஒரு கைபேசிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். ஸ்பேனர் பிடித்ததில்லை. பிடிக்க வேண்டாம் என்று படிக்கவைத்ததும் பாய்தான்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24, நுகர்வோர் தினத்தன்று அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களும் அதில் அடக்கம். கையேடு, உதிரி பாகம், பழுது நீக்கும் வழி எல்லாம் வாங்கியவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அந்தக் கையேடுகள் எந்த மொழியில் இருக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் இருந்தாலும் என் போன்ற ஓர் ஆள் மொழிபெயர்த்திருந்தால், பாயின் பையன்களுக்குப் புரிந்திருக்காது.

மூன்று மணிக்கு மேல் பூட்டத் தொடங்கினோம். அவிழ்த்த வரிசைக்கு நேர் தலைகீழ். சொரசொரப்பு, இரும்பு, சொரசொரப்பு, இரும்பு. பற்கள் காடியில் தாமாக உட்கார வேண்டும், தட்டி உட்காரவைக்கக் கூடாது. அழுத்தத் தகட்டை வைத்து, ஸ்பிரிங், கிண்ணம், ஸ்குரூ. புது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளியது. உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே திருப்புளியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. பாயின் மகன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து அமுக்கிக் கொடுத்தார். பாய் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு இறுக்குவது? கையேடுகளில் இதற்கு எண் உண்டு, அளந்து இறுக்கும் ஸ்பேனரும் உண்டு. எங்களிடம் இரண்டும் இல்லை. பாய் தன் இடது கையை நீட்டி, மணிக்கட்டை மட்டும் திருப்பிக் காட்டினார். “ஸ்குரூ அடியில போய் நிக்கணும். நின்னப்புறம் மணிக்கட்டு மட்டும். முழங்கை வந்தா ஜாஸ்தி. தோள் வந்தா மரை போச்சு.” இதைவிடத் தெளிவான தொழில்நுட்பத் தமிழை நான் படித்ததில்லை.

மூடியை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இக்னிஷனை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல இறக்க வேண்டும். டிரம் நிற்கும், அழுத்தத் தகடு மட்டும் சுற்றும். அது நேராகச் சுற்றுகிறதா, தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளாடியது. தள்ளாடினால் தகடுகள் ஒரு பக்கம் பிரிந்து, மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். சிக்னலில் கிளட்சை அழுத்தினாலும் வண்டி ஊர்ந்துகொண்டே போகும், நியூட்ரல் விழாது. பாய் நாற்காலியிலிருந்து குனிந்து, “கீழ் ஸ்குரூ” என்றார். கிண்ணம் சாய்ந்து உட்கார்ந்ததால் அது அடிவரை இறங்காமல் நின்றிருந்தது. எடுத்து மறுபடி மாட்டினேன். நேராகியது.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. மூடி உட்காரும் விளிம்பைத் திருப்புளியால் சுரண்டாமல் மூங்கில் குச்சியால் சுத்தம் செய்து, புது ரப்பர் வைத்து மூடினேன். எண்ணெய் அரை லிட்டர்கூடப் பிடிக்காது. மட்டம் பார்க்கும் ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியே சொட்டும்வரை ஊற்றினால் சரி. பிரேக் பெடலைப் பூட்டிய பிறகு, பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பெடலை அழுத்திப் பார்த்தோம். கிளட்ச் மாற்றிய குஷியில் இதை மறந்து தெருவுக்குப் போனவர்கள் உண்டு என்றார் பாய். யார் என்று சொல்லவில்லை.

மூன்றாவது உதையில் இஞ்சின் பிடித்தது. நான் ஏறப் போனேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். மகனின் தோளைப் பிடித்து எழுந்து, இரண்டு எட்டு வைத்து, வண்டியின் இடது பக்கம் வந்து நின்றார். வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது கையை ஹேண்டில்பாரில் வைத்து, கிளட்சை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், பாதியில் நிறுத்தினார், விட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் முடிந்த பிறகு சொன்னார்:

“கேபிள் இன்னும் அரை சுத்து விடுங்க. ஆட்டம் பத்தாது.”